கமலா ஹாரிஸ் 'நம்ம பொண்ணு'ன்னு சொன்னவங்க அந்தப் புத்தகத்தைப் படிச்சாங்களா?

அம்பத்தூரில் யாரையாவது நிறுத்தி "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். "அம்பத்தூர்" என்பார். கேட்டவர் விடமாட்டார். "அது சரிங்க... சொந்த ஊரு?" என்பார். அதற்கப்புறம்தான் வந்தவாசி, மன்னார்குடி, சங்கரன்கோவில் என்று 'உண்மையான' பதில் வெளியே வரும். சைக்கிள் கம்பெனி வேலைக்கு வந்த தாத்தா, ஆவடி டாங்க் ஃபேக்டரிக்கு வந்த பெரியப்பா, எஸ்டேட்டில் ஒரு லேத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்ட மாமா என்று இந்தப் பக்கமே வந்தவர்களால் ஆன ஊர். ஐம்பது வருஷமாக ரேஷன் கார்டு, ஓட்டு, கடன், கல்யாண மண்டபம், சுடுகாடு எல்லாம் இங்கேதான். சொந்த ஊர் மட்டும் வேறு எங்கேயோ.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் நம்மூர்க்காரர்கள் அமெரிக்கா வரைக்கும் போய் ஒரு அம்மையாரை அளந்து முடித்தார்கள். அவர் கமலா ஹாரிஸ். பதில் கிடைத்த உடனே தீர்ப்பும் வந்துவிட்டது: "நம்ம பொண்ணு!"

2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளராகப் பேசியபோது அவர் 'சித்தி' என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். ஃபேஸ்புக், வாட்ஸப், டிவி எல்லாவற்றிலும் சித்தி, சித்தி, சித்தி. ராதிகா சீரியலுக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு இவ்வளவு மவுசு வந்தது அப்போதுதான் :-) அந்தப் பேச்சில் அவர் 'குடும்பம் என்றால் யார் யார்' என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். மாமாக்கள், அத்தைகள், சித்திகள். அதற்கு அடுத்த வரியிலேயே இன்னொரு பெயர் வருகிறது: மிஸஸ் ஷெல்டன். இரண்டு வீடு தள்ளி இருந்து தன்னை வளர்த்த இரண்டாவது அம்மா என்று சொல்கிறார். நம்மூரில் அந்த அடுத்த வரியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் 'நம்ம பொண்ணு' கதைக்குக் கொஞ்சம் சேதாரம் ஆகியிருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம். தன் குடும்பம், தன் வேர், தான் யார் என்பதைப் பற்றி அவரே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 2019 ஜனவரியில் வந்த 'தி ட்ரூத்ஸ் வி ஹோல்ட்'. 'நம்ம பொண்ணு' என்று ஸ்டேட்டஸ் போட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அதைப் பிரித்தார்கள் என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான். படித்திருந்தால் இவ்வளவு சுலபமாகச் சொந்தம் கொண்டாடியிருக்க முடியாது.

புத்தகத்தின் நாயகி கமலா கிடையாது. அவருடைய அம்மா சியாமளா கோபாலன். தில்லியில் பட்டப்படிப்பை 19 வயதில் முடித்துவிட்டு, 1958-ல் தனியாக, போய்ப் பார்த்தே இராத ஒரு நாட்டுக்கு, பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிப் போகிற பெண். 25 வயதில் டாக்டர் பட்டம். அதே 1964-ல்தான் கமலாவும் பிறக்கிறார். படிப்பு முடிந்ததும் சியாமளா ஊர் திரும்பி, பெற்றவர்கள் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வார் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய எதிர்பார்ப்பு. அவரோ கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் போய்ச் சேர்ந்து, அங்கே பழகிய டொனால்ட் ஹாரிஸ் என்ற ஜமைக்கா நாட்டுப் பொருளாதார மாணவரை 1963-ல் கல்யாணம் செய்துகொள்கிறார். தன் அம்மாவின் அந்த முடிவைத்தான், தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கிற செயலின் உச்சம் என்று மகள் எழுதுகிறார்.

கணவனும் மனைவியும் பிற்பாடு பிரிந்துவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகளைத் தனியாளாக வளர்க்க வேண்டிய சியாமளா ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார் என்கிறது புத்தகம். தான் வந்து சேர்ந்த இந்த நாடு தன் மகள்களைக் கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும். அப்படியானால் தன்னம்பிக்கையும் பெருமிதமும் உள்ள கறுப்பினப் பெண்களாகவே அவர்களை வளர்த்துவிட வேண்டும். பிள்ளைகள் கறுப்பினத்தவர் தேவாலயத்தில் போய் கோஷ்டியோடு பாடினார்கள். 'ரெயின்போ சைன்' என்ற கறுப்பினக் கலை மையத்துக்கு அம்மா கூட்டிக்கொண்டு போனார். வேலைக்குப் போகும்போது ஷெல்டன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இந்திய வேரைப் பற்றிய பெருமையும் வீட்டில் குறையில்லாமல் ஊட்டப்பட்டது. அம்மாவின் கொஞ்சலும் கோபமும் தாய்மொழியில்தான் வரும் என்று கமலா எழுதுகிறார். இரண்டும் ஒரே வீட்டில், ஒன்றுக்கொன்று சண்டை போடாமல் இருந்திருக்கின்றன.

2021 ஜனவரி 20-ல் துணை அதிபராகப் பதவியேற்றபோது அவர் கை வைத்த இரண்டு பைபிள்களில் ஒன்று அந்த ஷெல்டன் அம்மாவுடையது. ரத்த சம்பந்தம் துளியும் இல்லாத, பக்கத்து வீட்டுப் பெண்மணி. நம்மூர் டிவியில் அன்றைக்கு என்ன ஓடியது? துளசேந்திரபுரத்தில் பட்டாசு.

இந்த இடத்தில் துளசேந்திரபுரத்து ஜனங்களைக் கிண்டல் செய்வது சுலபம். நிறைய பேர் செய்தார்கள். அது அநியாயம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊர்க்காரர்களுக்காவது சொல்லிக்கொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. கமலாவின் தாத்தா பி.வி.கோபாலனின் குடும்பம் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. பி என்பது பைங்காநாடு, வி என்பது அவருடைய அப்பா வெங்கட்ராமன். கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் கல்வெட்டில் கமலா ஹாரிஸ் பெயரில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. தங்கள் கோயில் கல்லில் பெயர் இருக்கிற ஒருத்தருக்காக அபிஷேகம் பண்ணினார்கள், முறுக்கு சுட்டுக் கொடுத்தார்கள். அது ஊர்ப் பாசம். பிரச்சினை அவர்களிடம் இல்லை.

பிரச்சினை, அந்தக் கல்வெட்டைக் காட்டி ஒட்டுமொத்தத் தமிழ் இனத்துக்கும் லாபம் எழுதிக்கொண்டவர்களிடம். காமர்ஸ் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும்: காசு கொடுத்து வாங்கின குட்வில்லைத்தான் சொத்துப் பக்கம் காட்டலாம். தானாக வந்ததாக நினைத்துக்கொள்வதையெல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் ஏற்ற முடியாது. கமலா ஹாரிஸ் என்ற குட்வில்லுக்கு நம்மூர் என்ன விலை கொடுத்தது? அவர் அம்மா படித்தது தில்லியில், பெர்க்லியில். மகள்களைத் தூக்கி வளர்த்தது கறுப்பினக் குடும்பங்கள். அவர் போய்ப் படித்தது ஹவர்ட் என்ற கறுப்பினத்தவர் பல்கலைக்கழகத்தில். செலவு முழுக்க ஒருத்தர் கணக்கில், வரவு இன்னொருத்தர் கணக்கில். எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

"ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்பார்கள். இருக்கட்டும். ரத்தத்தை எடுத்துக்கொண்டால் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா வழியும் அதே ரத்தம்தான். டொனால்ட் ஹாரிஸ் 2018-ல் தன் ஜமைக்கா குடும்பத்தைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதினார். அதில் தன் பாட்டி வழி முன்னோராக ஹாமில்டன் பிரவுன் என்பவரைச் சொல்கிறார். தோட்ட முதலாளி. அடிமைகளை வைத்திருந்த ஆள். ரத்தக் கணக்கு பார்க்கிறவர்கள் அந்த வரியையும் ஃப்ளெக்ஸில் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. ஜமைக்கா பாதியைக் கத்தரித்துவிட்டு மன்னார்குடி பாதியை மட்டும் ஃபிரேம் போட்டார்கள். சிகப்பாக இருக்கிற சொந்தக்காரரை மட்டும் கல்யாண ஆல்பத்தில் முன்னால் நிறுத்துகிற அதே பழைய புத்தி.

இதில் ஒரு வேடிக்கை. 2024 ஜூலை 31-ல் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்தில் ட்ரம்ப் என்ன சொன்னார்? இவர் இத்தனை நாள் இந்தியர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், திடீரென்று கறுப்பினத்தவர் ஆகிவிட்டார் என்றார். எண்பதுகளிலேயே ஹவர்டில் படித்து, அங்கே கறுப்பினப் பெண்களின் சங்கத்தில் சேர்ந்த ஒருத்தரைப் பற்றிச் சொன்ன அப்பட்டமான பொய். அதைக் கேட்டு நம்மூர் 'நம்ம பொண்ணு' கோஷ்டிக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு ஆள் ஒன்றாகத்தான் இருக்க முடியும், அது இதுவா அதுவா என்று கேட்கிற கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். விடை மட்டும் வேறு.

நிற்க. இதையெல்லாம் சொல்வதால் புத்தகம் பெரிய காவியம் என்று அர்த்தம் இல்லை. அது வந்த அதே மாதம்தான் அவர் அதிபர் தேர்தலில் போட்டியிடப் போவதாக அறிவித்தார். எலெக்‌ஷன் புத்தகத்துக்குரிய எல்லாக் குறையும் அதில் உண்டு. அப்பா சில பக்கங்களில் வந்துவிட்டுப் போய்விடுகிறார். தாத்தா கோபாலன் இந்திய விடுதலை இயக்கத்தில் பங்கெடுத்தவர் என்று எழுதியிருக்கிறார். அவரோ அரசாங்க அதிகாரி. வெளிப்படையாக வெள்ளைக்காரனை எதிர்த்திருந்தால் வேலையே போயிருக்கும் என்று பிற்பாடு குடும்பத்தினரே பத்திரிகைக்குச் சொன்னார்கள். தாத்தாவைத் தியாகி ஆக்குகிற ஆசை நம்மூர் எம்எல்ஏக்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை போல.

ஒபாமாவின் 'ட்ரீம்ஸ் ஃப்ரம் மை ஃபாதர்' பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அது 1995-ல், அவர் எந்தத் தேர்தலிலும் ஜெயிப்பதற்கு முன்னால் வந்த புத்தகம். கென்யாவில் இருந்து வந்து விட்டுவிட்டுப் போன அப்பாவின் குடி, தோல்வி, பல குடும்பங்கள் எல்லாவற்றையும் மகன் தோண்டிப் பார்க்கிறார். வேரைத் தேடிப் போனால் கையில் மண்ணும் புழுவும் சேர்ந்தேதான் வரும் என்று தெரிந்த ஆள் எழுதியது. கமலாவின் புத்தகத்தில் வேர் கழுவித் துடைத்துத் தட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் குறையைப் படித்துவிட்டுச் சொன்னால் அது விமர்சனம். நம்மூரில் பாராட்டும் படிக்காமல், திட்டும் படிக்காமல்.

(சொந்தம் கொண்டாடுவதில் தமிழன் மட்டும் தனி ரகம் என்றும் நினைக்க வேண்டாம். ஒபாமா ஜெயித்ததற்குக் கென்யாவில் அரசாங்க விடுமுறையே விட்டார்கள். அயர்லாந்தில் மணிகால் என்ற குட்டி ஊர், அவருடைய அம்மா வழி எள்ளுப் பாட்டனுக்கும் முந்தின ஒருத்தர் அங்கிருந்து கப்பல் ஏறினார் என்று கண்டுபிடித்து, 2011-ல் அவரை வரவழைத்து பீர் ஊற்றிக் கொடுத்தது. பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் பராக் ஒபாமா பிளாசா என்று ஒரு பெட்ரோல் பங்க் வளாகமே வந்துவிட்டது. அவர்களாவது அதில் டீசல் விற்றுக் காசு பார்க்கிறார்கள்.)

இனி கசப்பான பகுதி. சியாமளா செய்தது என்ன? தஞ்சைப் பக்கத்து ஐயர் வீட்டுப் பெண், வீட்டில் கேட்காமல், சாதி பார்க்காமல், மதம் பார்க்காமல், நிறம் பார்க்காமல் ஒருத்தரைக் கட்டிக்கொண்டார். 1963-ல் அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் இனம் தாண்டிய கல்யாணங்களுக்குச் சட்டப்படி தடை இருந்தது. நாடு முழுக்க அந்தத் தடை ஒழிந்தது 1967-ல்தான். அந்தக் கல்யாணம் நடந்ததால்தான் 'நம்ம பொண்ணு' என்று கொண்டாட ஒரு கமலா கிடைத்தார். அதே காரியத்தை இங்கே ஒரு பொண்ணு செய்தால்? 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் நெல்லையில் கவின். இரண்டுக்கும் நடுவில் எத்தனை பெயர்கள். அமெரிக்காவில் சாதி மீறினால் வம்சத்துக்குப் பெருமை, அம்பத்தூரில் மீறினால் வீட்டு வாசலில் அரிவாள் என்றால், கொண்டாடப்படுவது சியாமளாவின் துணிச்சலா, அவர் மகளின் பதவியா? பதவி இல்லாமல், ஓக்லாண்டில் ஏதோ ஒரு பள்ளியில் டீச்சராக மட்டும் கமலா இருந்திருந்தால், "அந்த மாமி பொண்ணு ஓடிப்போய்..." என்றுதான் இங்கே பேச்சு ஓடியிருக்கும்.

புத்தகத்தில் மனசை அறுக்கிற ஒரு இடம் இருக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற, மூளைக்காரியான தன் அம்மாவை, அவர் இங்கிலீஷ் பேசுகிற விதத்தை வைத்து மக்கு மாதிரி நடத்தியதைத் தான் பலமுறை பார்த்ததாகக் கமலா எழுதுகிறார். துணிக்கடையில் ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தாலே ஆள் பின்னாலேயே வருமாம். இந்த நிறத்துப் பொம்பளைக்கு இதை வாங்க வக்கு எங்கே இருக்கும் என்ற சந்தேகம்.

அந்தப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எஸ்டேட் பக்கம் நடந்து பாருங்கள். பட்டரவாக்கம், அத்திப்பட்டு, மண்ணூர்பேட்டை. வாரம் முழுக்க பிரஸ் மெஷினில் நின்ற பீகார், ஒடிசா, அசாம் பையன்கள் நாலு பேர் செல்போன் கடையில் ஏறுகிறார்கள். கடைக்காரர் பார்வை எங்கே போகிறது? "ஏ பையா, க்யா ச்சாஹியே" என்று இளக்காரமாக ஒரு இந்தி வரும். அந்தப் பையன் தமிழில் "அண்ணே, சார்ஜர்" என்று கேட்டாலும் பதில் அந்த அரைகுறை இந்தியிலேயே வரும். சாப்பாட்டுக் கடையில், ஷேர் ஆட்டோவில், மீம் பக்கத்தில் அவனுக்கு ஒரே பெயர்: வடக்கன். 2023-ல் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரப்பியபோது இங்கே எல்லோருக்கும் கோபம் வந்தது. நியாயமான கோபம். அடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் குடும்பத்தோடு வந்து வீடு கேட்கிற ஒடிசாக்காரருக்கு எத்தனை ஓனர் சாவியைக் கொடுக்கிறார்? பத்துக்குப் பத்து ஷீட் போட்ட ரூமில் ஆறு பேராக இருக்கட்டும் என்றால் சரி, வாடகை தலைக்கு இவ்வளவு. பொண்டாட்டி பிள்ளையோடு மாடி போர்ஷன் கேட்டால் "ஆள் வந்துட்டாங்க"தான்.

"வடக்கனும் சியாமளாவும் ஒண்ணா? அந்தம்மா படிப்பாளி" என்று ஒரு பதில் ரெடியாக இருக்கும். படித்தவருக்கே அமெரிக்கத் துணிக்கடையில் அந்த மரியாதைதான் கிடைத்தது என்பதைத்தானே புத்தகம் சொல்கிறது. "இவங்க வந்து நம்ம வேலையைப் புடுங்குறாங்க" என்பது அடுத்த பதில். கமலாவின் அம்மாவைப் போன்றவர்களைப் பார்த்து அங்கே சொல்லப்படுகிற அதே வசனம், மொழிபெயர்க்கக்கூட வேண்டாம். சம்பளத்தைக் குறைக்க அவர்களைக் கூட்டி வருகிற காண்டிராக்டரையும் கம்பெனியையும் கேட்க வேண்டிய கேள்வியை, பத்து மணி நேரம் நின்று கால் வீங்கியவனிடம் கேட்பதில் என்ன வீரம் இருக்கிறது?

அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகள் இப்போது இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். திருக்குறள் ஒப்பிக்கிறார்கள், தமிழில் சண்டை போடுகிறார்கள், விஜய் படத்துக்கு விசில் அடிக்கிறார்கள். ஆனால் தமிழரா என்ற தேர்வில் ஃபெயில். கமலாவுக்குத் தமிழ் பேச வராது. தாத்தா பாட்டியைப் பார்க்க விடுமுறைக்கு வந்து போனதுதான் தமிழ்நாட்டோடு பழக்கம். அவர் பாஸ். கண்டியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்த எம்.ஜி.ஆருக்கு இதே ஜனங்கள் பத்து வருஷம் ஆட்சியைக் கொடுத்தார்கள். அவருக்கும்கூட 'மலையாளி' என்ற வசவு கடைசி வரை ஓயவில்லை. தாத்தாவை வைத்து மார்க் போடுகிற பரீட்சையில் இப்படித்தான் ரிசல்ட் வரும்.

2024 நவம்பரில் கமலா தோற்றார். அதற்கப்புறம் 'நம்ம பொண்ணு' என்ற சத்தம் எங்கே போனது? ஸ்டேட்டஸ்கள் மறைந்தன. வாராக்கடன் மாதிரி சத்தமில்லாமல் எழுதித் தள்ளியாயிற்று. கல்வெட்டு மட்டும் துளசேந்திரபுரத்தில் அப்படியே இருக்கிறது.

புத்தகம் முழுசாகப் படிக்க நேரமில்லை என்கிறவர்கள் முதல் அத்தியாயத்தை மட்டுமாவது படிக்கலாம். சியாமளா, ராஜம் பாட்டி, ஷெல்டன் வீடு எல்லாம் அங்கேதான் வருகின்றன. அந்த ராஜம் பாட்டி ஹைஸ்கூல் வாசலை மிதிக்காதவர். புருஷனிடம் அடி வாங்கி ஓடி வந்த பெண்களை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்தப் புருஷன்மார்களையே கூப்பிட்டு மிரட்டியவர். ஆவடியில் ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள், உட்கார இடம் கிடைத்தால், அத்தியாயத்தில் பாதி முடிந்துவிடும். பட்டரவாக்கத்தில் ஏறுகிற கூட்டத்தில் யாராவது தோள் பையோடு பக்கத்தில் நின்று புத்தக அட்டையை எட்டிப் பார்த்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம்.